பின்பனிக்காலத்துப் பண்ணைத் தாம்போதி: சாட்டியிலிருந்து வேலைக்குச் செல்லும் சைக்கிள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண வரலாற்றை எழுதியோர் துறைமுகங்கள், கோட்டைகள், கோயில்கள், கல்லூரிகள் ஆகியவற்றைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். 1905 ஆம் ஆண்டில் குடாநாட்டைக் கொழும்புடன் இணைத்த புகையிரதப் பாதையும் அவர்களது கவனத்தைப் பெற்றுள்ளது. ஆயின் அப்புகையிரதத்தில் ஏறாதவரும் கொழும்புக்குச் செல்லாதவருமான ஒரு பெருந்தொகையினர், ஒவ்வொரு நாட் காலையிலும் தமது கால்களின் வலுவைக்கொண்டே வேலைத்தலத்தை அடைந்தனர் என்பது வரலாறாக எண்ணப்படவில்லை. துவிச்சக்கரவண்டி என அரச ஆவணங்களும் சைக்கிள் என மக்களும் வழங்கும் அவ்வூர்தி, உள்ளூராட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் அறவிட்ட சிறு அனுமதிக் கட்டணத்தின் வாயிலாகவே அரசின் கணக்கேடுகளுள் நுழைந்தது. அதனை மிதித்தவனின் உழைப்பு எந்த ஏட்டிலும் நுழையவில்லை. அவ்வுழைப்பினை ஒரு குறித்த பாதையிலும் ஒரு குறித்த பருவத்திலும் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

பாதை, சாட்டியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்வது. ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவின் தென்கரையில் அமைந்துள்ள சாட்டி, வெண்மணற் கடற்கரைக்கும் சிந்தாத்திரை மாதா ஆலயத்துக்கும் பெயர் பெற்றது. கடற்பயணம் நலமுற அமையவேண்டும் என்ற வேண்டுதலோடு தொடர்புடைய மாதா அவர் என்பது நமது பொருளுக்குப் பொருத்தமானதே. இதற்கும் மேலாக, உவர்நிலமே மிகுந்த தீவுப்பகுதியில் மணற்றரையின் கீழ் நன்னீர் தேங்கி நிற்கும் அரிய இடங்களுள் சாட்டியும் ஒன்று. ஆகவே இவ்வூரின் தெருக்களில் இருவகைச் சைக்கிள்களைக் காணலாம்: நகருக்கு வேலைக்குச் செல்வன ஒருவகை, கரியரின் இருமருங்கும் நீர்க்கான்களைத் தொங்கவிட்டு வீடு திரும்புவன மறுவகை. சாட்டியிலிருந்து கிழக்கே மண்கும்பான், அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி எனச் செல்லும் வீதி, பின்னர் கடலின் நடுவே தாம்போதியாக நீண்டு, பண்ணையில் யாழ்ப்பாணக் கோட்டையின் அருகே நகரைத் தொடுகின்றது. தூரம் பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டதே. தட்டை நிலமாதலின் ஏற்றமோ இறக்கமோ இல்லை. வரைபடத்தை மாத்திரம் பார்ப்பவர், இதனிலும் எளிய பாதை பிறிதில்லை என்றே முடிவு செய்வர்.

வரைபடத்திற் காற்றைக் காட்டும் வழக்கம் இல்லை. சைக்கிளோட்டிக்கு இப்பாதையின் ஏற்றமும் இறக்கமும் காற்றே. யாழ்ப்பாணத்தார் காற்றுகளைத் திசையால் மட்டுமன்றித் தனித்தனிப் பெயரால் அறிவர். வடகீழ்த் திசையினின்று வருவது வாடை. கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கச்சான். தென்மேற்கினின்று வருவது சோளகம். கடற்றொழிலாளர் தமது ஆண்டையே வாடைக்காலம், சோளகக்காலம் எனப் பகுத்து, அவற்றிற்கேற்பக் கரை மாறி வாடியமைப்பர். வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் கிழக்கு வடகிழக்காக அமைந்திருப்பதாற் காலையில் நகர் நோக்கிச் செல்பவன் வாடைக்காலம் முழுவதும் காற்றுக்கு எதிரே மிதிக்கின்றான். மாலையில் அக்காற்றே அவனை வீட்டுக்குத் தள்ளிவிடுகின்றது. சோளகத்தில் இது தலைகீழாகின்றது. காலையில் உதவிய காற்று, நாள்முழுதும் வேலை செய்து களைத்தவனின் முகத்தில் மாலையில் அறைகின்றது. எது கொடிது என்பதில் ஊரிற் கருத்து வேறுபாடு உண்டு. களைப்போடு வீடு சேர்வதிலும் களைப்போடு வேலை தொடங்குவதே கொடிது என்பது என் எண்ணம். வீடு சேரத் தாமதித்தாற் சம்பளம் வெட்டப்படுவதில்லை.

இதனை எண்களால் விளக்குதல் பயன்தரும். காற்று ஒரு பொருளின்மீது செலுத்தும் தடை, அவ்விரண்டினதும் சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்பது பௌதிகம் கற்றோர் அறிந்தது. அமைதியான காற்றில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன், அதே வேகமுடைய எதிர்காற்றில் அவ்வேகத்தைப் பேண முயன்றால் அவன் எதிர்கொள்ளும் காற்றுத்தடை நான்கு மடங்காகின்றது. எனவே எவரும் அவ்வாறு முயல்வதில்லை, வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். 12 கிலோமீற்றர்த் தூரத்தை 15 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க 48 நிமிடங்கள் செல்லும். எதிர்காற்றில் வேகம் 10 ஆகக் குறைந்தால் 72 நிமிடங்கள். மாலையிற் பின்காற்றினால் 20 ஆக உயர்ந்தால் 36 நிமிடங்கள். இழந்தது 24, மீட்டது 12. போகும்போது எடுத்ததைக் காற்று வரும்போது திருப்பித் தந்துவிடும் என்ற ஆறுதற் பேச்சு கணக்கிற்கு ஒவ்வாதது என்பது இதனாற் புலனாகும்.

இனிப் பருவத்தை நோக்குவோம். தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் எனப்படும். பின்பனியைப் பாலைத் திணைக்கு உரியதாகத் தொல்காப்பியம் கூறுகின்றது. பொருள் தேடிப் பிரிந்து செல்லுதல் பாலையின் ஒழுக்கம். நமது நிலமோ நெய்தல். நெய்தல் நிலத்தான் ஒருவன் நாள்தோறும் பொருள்வயிற் பிரிந்து நாள்தோறும் மீளும் இந்நிலையை எத்திணையுள் அடக்குவது என்பதை இலக்கண ஆசிரியர்களுக்கே விட்டுவிடலாம். எனினும் திணை என்பது வெறும் இலக்கிய மரபன்று, நிலமும் உற்பத்தியும் சமூக உறவும் இணைந்த ஒரு வாழ்நிலை என்பதை 1974 இல் வெளிவந்த தமது கட்டுரையிற் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டிய பின்னர், பருவத்தை வெறும் பின்னணிக் காட்சியாகக் கொள்ளுதல் நமக்கு இயலாது.

குடாநாட்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிற் பெய்துவிடுகின்றது. தை பிறந்ததும் மழை ஓய, வாடை மட்டும் நிலைத்து வீசும். மாசியில் அந்நிலைப்பாடும் குலைகின்றது. இரவில் வானம் தெளிந்து காற்று அடங்கினால் நிலம் விரைந்து குளிர்ந்து, விடியலில் மூடுபனி இறங்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி அனுபவத்தின் வழிப்பட்டது. வெயில் ஏறியதும் பனி கலைய, அடங்கிக்கிடந்த வாடை மீண்டும் எழும். சிலநாளில் எழாமலே போகும். சிலநாளிற் கொண்டலாகத் திரும்பும். ஓய்ந்ததாக எண்ணிய மழையும் வங்காள விரிகுடாவின் ஏதேனுமொரு தாழமுக்கத்தோடு திடீரென மீளும். 2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்த தாழமுக்கம் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. மார்கழியின் சைக்கிளோட்டி தான் நனையப்போவதை அறிவான். ஆனியின் சைக்கிளோட்டி தான் காயப்போவதை அறிவான். மாசியில் வீட்டுப்படலையைத் திறப்பவனுக்கு அத்தகைய நிச்சயம் எதுவும் இல்லை.

ஆகவே அவன் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவனாகின்றான். விடியுமுன் புறப்பட்டால் வாடை எழுமுன் தாம்போதியைக் கடந்துவிடலாம். ஆனாற் பனியும் இருளும் குறுக்கே நிற்கும். பனி நனைத்த இரும்பு றிம்மில் பிறேக் கட்டை வழுக்கும். எதிரே வரும் வாகனம் அருகில் வந்த பின்னரே தெரியும். டைனமோவை ரயரோடு அழுத்தி விளக்கேற்றினால் அதன் உராய்வும் காலின்மீது ஒரு சுமை. விளக்கின்றிச் சென்றாற் பொலிசாரின் தண்டம். பனி கலையும்வரை பொறுத்திருந்தாலோ காற்று எழுந்துவிடும். தலையையும் காதையும் சால்வையால் மூடிக் கட்டியவனாக அவன் எடுக்கும் இம்முடிவு எந்த வானிலை அறிக்கையையும் கேட்டு எடுக்கப்படுவதன்று. முற்றத்துத் தென்னோலையின் அசைவும் கடலின் ஓசையுமே அவனுக்குச் சான்றுகள். தாம்போதியில் மரமோ மதிலோ இல்லை. ஏறியபின் ஒதுங்க இடமில்லை. உப்புக்காற்றும் பனியும் சேர்ந்து செயினையும் கம்பிகளையும் தின்பதால், நகரத்துச் சைக்கிளிலும் தீவுச் சைக்கிளின் ஆயுள் குறைவு. எண்ணெய்ச் செலவு அதிகம்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதவேண்டும். தரைவழி இணைப்பு ஏற்படுமுன்னரும் தீவு மக்கள் யாழ்ப்பாணத்துக்குச் சென்றுவந்தனர். ஊர்காவற்றுறையோ யாழ்ப்பாணத்தின் வெளியுலக வாயிலாகவே நெடுங்காலம் விளங்கிற்று. அக்காலத்தில் அவர்களைக் கொண்டுசென்றவை பாய் விரித்த வள்ளங்களும் தோணிகளும். பாய்வள்ளத்துக்குக் காற்று ஒரு வலு. எதிர்காற்றையும் சரிந்தோடிப் பயன்படுத்தத் தெரிந்த தண்டையலுக்கு அது கூலி கேளாத வேலையாள். தாம்போதி வந்தபின் அதே காற்று, அதே நீர்ப்பரப்பின்மேல், பகையாக மாறிற்று. பயணம் நாளும் இயலக்கூடியதாயிற்று என்பது உண்மை. வீதி மக்களுக்குக் கிடைத்த பேறு என்பதும் உண்மை. ஆயின் பயணத்துக்கான வலு இயற்கையிடமிருந்து மனிதனின் தொடைத்தசைக்கு மாற்றப்பட்டது என்பதும் அதேயளவு உண்மை. வளர்ச்சி என நாம் பொதுவாகக் கூறுவதன் செலவு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்ற வினா இங்கு எழுகின்றது. (குதிரைகளின் எச்சம் இன்றும் கட்டற்றுத் திரிகின்ற நெடுந்தீவு இத்தீவுக் கூட்டத்துள்ளேயே உள்ளது. ஆனாற் குதிரை ஆள்வோரின் ஊர்தி. கூலிக்குச் செல்வோன் அதில் ஏறியதில்லை.)

சைக்கிளின் தோற்றம் ஐரோப்பியக் கைத்தொழில் வளர்ச்சியோடு சேர்ந்தது. இரு சில்லுகளும் ஒத்த அளவினவாய்ச் செயினால் இயங்கும் வண்டியை இங்கிலாந்தில் ஸ்டார்லி 1885 இல் வெளியிட்டார். காற்றடைத்த ரயரை டன்லப் 1888 இல் உருவாக்கினார். இவ்விரண்டும் சேர்ந்தே சைக்கிளைத் தொழிலாளரின் ஊர்தியாக்கின. நொட்டிங்காமின் ராலியும் அதையொத்த ஆங்கில வண்டிகளும் குடியேற்ற நாட்டுச் சந்தைகளை நிரப்பின. யாழ்ப்பாணத்தில் அவை முதலில் உத்தியோகத்தரின் மதிப்புச் சின்னமாகவும், பின்னர் ஆசிரியர், எழுதுவினைஞர் ஆகியோரின் இன்றியமையாப் பொருளாகவும், முடிவில் மேசன், மீன் வியாபாரி, சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்வோர் எனப் பலரதும் தொழிற்கருவியாகவும் இறங்கி வந்தன. சீதனப் பேச்சில் ராலி சைக்கிளும் ஒரு பொருளாக இடம்பெற்ற காலம் பலருக்கும் நினைவிருக்கலாம்.

1945 இன் இலவசக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளையை மத்திய கல்லூரிக்கும், அக்கல்லூரி அவனை நகரத்துக் கந்தோர் மேசைக்கும் கொண்டுவந்தது. வேலணையும் ஒரு மத்திய கல்லூரியைப் பெற்றது. 1958 இல் பஸ் சேவை அரசுடைமையாக்கப்பட்டபின் தீவுப்பகுதியின் போக்குவரத்து ஓரளவு சீர்பட்டதெனினும், பஸ் தனது நேரத்தில் வருமேயன்றித் தொழிலாளியின் நேரத்தில் வருவதில்லை. கந்தோரின் நேரமோ இறுக்கமானது. அரச அலுவலகங்களின் வரவுப் பதிவேட்டில் குறித்த நேரம் கடந்ததும் ஒரு சிவப்புக்கோடு கீறப்படும். கோட்டின் கீழ்க் கையொப்பமிடுவோர் பிந்தி வந்தோராவர். ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கைத்தொழில் முதலாளித்துவம் இயற்கையின் பொழுதைக் கடிகாரத்தின் நேரத்தால் எவ்வாறு பதிலீடு செய்தது என்பதை விளக்கினார். அவர் காட்டியது தொழிற்சாலை வாயிலை. நாம் காட்டக்கூடியது அச்சிவப்புக்கோட்டை. வாடையின் பொழுதும் கந்தோரின் நேரமும் மோதும் களம் அது. 24 நிமிட எதிர்காற்றுக்கு அப்பதிவேட்டில் நிரல் எதுவும் இல்லை. வேலைநாளின் எல்லை பற்றி மூலதனத்தின் முதற்றொகுதியில் மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்தார். பண்ணையைக் கடக்கும் நேரத்தை அவ்வெல்லைக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா? வேலைகொள்வோன் வெளியே வைத்தான். உடல் உள்ளே வைத்தது.

இங்ஙனம் கூறுவதால், சைக்கிள் சுமையை மட்டுமே தந்தது என்று கொள்ளலாகாது. நிலவுடைமையும் சாதியும் பின்னிக் கிடந்த தீவுக் கிராமங்களில், ஒடுக்கப்பட்ட மக்களின் வேலையும் கூலியும் ஊருக்குள்ளேயே, ஊரின் ஆதிக்கக் குடிகளின் கையிலேயே இருந்தன. 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டில் தந்த சமத்துவத்தைக் காட்டிலும், காலையில் ஊரைவிட்டு வெளியேறி நகரத்துக் கட்டட வேலையிற் காசாகக் கூலி பெற்று மாலையில் மீளக்கூடிய வசதி சிலருக்கு உறுதியான விடுதலையாக இருந்தது எனக் கருத இடமுண்டு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்டோர் ஆதிக்கச் சாதித் தெருவிற் சைக்கிளைவிட்டு இறங்கி நடக்கவேண்டும் என்ற கொடிய விதி நிலவியது. அதனை நோக்க, சைக்கிளில் அமர்ந்து செல்லுதல் என்பதே ஓர் அரசியற் செயலாக இருந்தமை விளங்கும்.

பெண்களைப் பொறுத்தமட்டில் யாழ்ப்பாணம் முந்திக்கொண்டது. 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் கிராமப் பெண்களுக்குச் சைக்கிளோட்டக் கற்பித்தது இந்தியாவிற் பெருஞ்செய்தியாயிற்று. யாழ்ப்பாண வீதிகளில் மாணவியரும் ஆசிரியைகளும் சைக்கிளிற் செல்லுதல் அதற்கு முன்னரே வழமையாகிவிட்டிருந்தது. 1974 இல் ஒரு வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளரும் மாணவரும் ஒருங்கே சைக்கிளில் வந்தனர். உடற்கூற்றியற்றுறைத் தலைவராக இருந்தவரும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவருமான கலாநிதி ராஜினி திராணகம, 1989 செப்தெம்பர் 21 ஆம் நாள் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வேலைக்குச் சென்று வரும் பாதையின் வரலாற்றை எழுதுவோர் அந்நாளைத் தவிர்த்து எழுத முடியாது.

1970 தொடக்கம் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட குடாநாட்டு விவசாயி அதனால் நன்மை பெற்றான். வெளிநாட்டு ரயரையும் உதிரிப் பாகத்தையும் நம்பியிருந்த சைக்கிளோட்டியோ ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்ட ரியூப்பில் ஓடினான். ஒரே கொள்கை இருவேறு வர்க்கங்களை இருவேறு விதமாகத் தொட்டமைக்கு இது சிறு சான்று.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும் புகையிரதம் நின்றது. எரிபொருள் தடை வந்தது. குடாநாடு முழுவதும் சைக்கிளின் மீது ஏறிற்று. நோயாளரும் விறகும் நெல்மூடையும் சவப்பெட்டியும் சைக்கிளிற் சென்றன. மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்தமையாற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். யாழ்ப்பாணத்தின் இச்சைக்கிட்காலம் பற்றிப் பெருமிதத்தோடு பேசுவோர் பலர். தீவுப்பகுதியின் அனுபவம் வேறு. 1990 ஆகஸ்டில் தீவுகளில் நடந்த இராணுவ நடவடிக்கையும், மண்டைதீவில் இளைஞர் காணாமற் போனமையும், 1991 ஒக்தோபரில் தீவுகள் மீண்டும் படையினரின் பிடிக்குள் வந்தமையும் இப்பாதையை முற்றாகவே அறுத்துவிட்டன. தீவு ஒரு தரப்பிடம், நகர் மறு தரப்பிடம். இடையே தாம்போதி சூனியப் பிரதேசம். மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் பிரான்சு, கனடா, சுவிற்சர்லாந்து எனக் கடல் கடந்தனர். 1990 ஒக்தோபர் 30 ஆம் நாள் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைச் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினர். சாட்டிக்கு அயலிலுள்ள மண்கும்பான் பள்ளிவாசலைக் கடந்து செல்லும் எவரும் மறக்கக்கூடாத செய்தி அது. சைக்கிளின் பொற்காலம் எனக் கூறப்படும் அவ்வாண்டுகளிலேதான் சாட்டி வீதியிற் சைக்கிள் இல்லை.

1996 இன் பின்னர்ப் பாதை திறந்தபோது புதியதொரு நேரக்கணக்கும் உடன் திறந்தது. காற்றுக்கு ஒதுக்கிய நேரத்தோடு சோதனைச்சாவடிக்கும் நேரம் ஒதுக்கவேண்டியதாயிற்று: இறங்குதல், உருட்டிச் செல்லுதல், அடையாள அட்டையை நீட்டுதல், பையைத் திறத்தல், மீண்டும் ஏறுதல். பனிமூட்டத்தில் விளக்கின்றிச் சாவடியை அணுகுவது தண்டத்தோடு முடியும் குற்றமாக இருக்கவில்லை, உயிரோடு விளையாடுவதாயிற்று. எனவே விடியுமுன் புறப்பட்டு வாடையை ஏய்க்கும் பழைய உபாயம் பயனற்றுப்போக, வெளிச்சம் வரும்வரை பொறுத்திருந்து எதிர்காற்றில் மிதிப்பதே வழியாயிற்று. 2006 இல் இப்பாதை மீண்டும் குருதி கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அல்லைப்பிட்டியிற் பொதுமக்கள் கொல்லப்பட்டனர்; ஆகஸ்ட் 20 ஆம் நாள் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் அடிகள் காணாமற் போனார்.

போர் முடிந்த 2009 இன் பின்னர் வீதி அகன்றது. குத்தகை நிறுவனங்கள் வந்தன. தவணைக் கடனில் மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் முற்றங்களை நிரப்பின. வாடையை இயந்திரம் வென்றது. அதற்கான விலை மாதத் தவணையாகவும் எரிபொருளாகவும் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் நிலையங்களின் முன் மைல் கணக்கில் வரிசை நீண்டபோது, கோடிப்புறத்திற் சாத்திவைக்கப்பட்டிருந்த பழைய சைக்கிள்கள் துருத் துடைக்கப்பட்டு வெளியே வந்தன. புதுச் சைக்கிளின் விலை பன்மடங்காயிற்று. ஒரு தலைமுறைக்காலம் மிதிக்காத கால்கள் மே மாதச் சோளகத்தில் மாலைவேளையில் அல்லைப்பிட்டி நோக்கித் திணறின. ஆண்டிறுதிக்குள் எரிபொருள் ஓரளவு சீராயிற்று. பலர் மோட்டார்ச் சைக்கிளுக்கு மீண்டனர். மீளாதோரும் உளர்: கடை உதவியாளர், மேசன்மாரின் கையாட்கள், துப்புரவுப் பணியாளர், தவணை கட்ட இயலாமல் வண்டியைப் பறிகொடுத்தோர். மாசி விடியலிற் சால்வையால் தலையை மூடிக்கொண்டு தாம்போதியின் இடது ஓரமாக, விரைந்து செல்லும் வாகனங்களுக்கு ஒதுங்கி, வாடைக்கு எதிரே இன்றும் மிதித்துச் செல்வோர் இவர்களே.